மூலைக்குத் தேவைப்பட்ட நீலம்

என் புருஷன் ஆல்வின் கெர்ஸ்டனுக்கு முடிந்துபோன படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒருத்தர் வாங்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் மாட்டின பிறகும் அந்தப் படத்தை விடமாட்டான். விருந்துக்குக் கூப்பிட்டால் கோட்டுப் பையில் தூரிகையும் ரெண்டு மூணு வண்ணக் குழாயும் இல்லாமல் கிளம்பமாட்டான். நாங்கள் சூப் குடித்துக்கொண்டிருப்போம். மனுஷன் பக்கத்து அறையில் நாற்காலி போட்டு ஏறி, தன் பழைய படத்துக்குக் கன்னம் திருத்திக்கொண்டிருப்பான். பல் டாக்டர் வீட்டில் அப்படித்தான் பிடிபட்டான். "எங்க வீட்டுக் கன்னத்துல உங்களுக்கு என்ன வேலை, கெர்ஸ்டன்?" என்று அந்த வீட்டம்மா போட்ட சத்தத்தில் எனக்கு சூப் புரையேறிவிட்டது.

அதெல்லாம் சொல்லிச் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத படம் ஒன்று இருந்தது. எங்கள் லோபர்ஸ்டெட் ரயில் பட்டறையின் சாப்பாட்டுக் கூடத்தில், உருளைக்கிழங்கு வேகிற ஆவி நாள்பூரா படுகிற சுவரில், 'ஷிஃப்ட் முடிந்து' என்று ஆல்வின் வரைந்த பெரிய படம். பட்டறை ஆட்கள் வேலை விட்டு வாசலுக்கு வருகிறார்கள். எல்லாம் சாம்பலும் தவிட்டு நிறமும். இடது மூலையில் மட்டும் நீலச் சட்டை போட்ட ஒரு பையன். அது எங்கள் யோஸ்ட். எங்களுக்கு ஒரே பிள்ளை.

யோஸ்ட் அந்தச் சட்டையைப் பிறந்ததிலிருந்து போட்டதில்லை. எங்கள் நாட்டில் அந்த நீலம் வெறும் நிறமா என்ன? ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் சங்கச் சீருடை. வகுப்பில் எல்லாரும் சேர்ந்தபோதும் முறுக்கிக்கொண்டு நின்ற ரெண்டு மூணு பேரில் இவனும் ஒருத்தன். புதன்கிழமை சாயங்காலம் பாதிரியார் வீட்டுக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிற பையன். அவனுக்குப் போய் அந்தச் சட்டையை மாட்டிவிட்டான் ஆல்வின். மறு வருஷம் கோடையில் யோஸ்ட் பெர்லினுக்கு ரயிலேறினான். அங்கேயிருந்து மேற்குப் பக்கம் நழுவிவிட்டான். சில வாரத்தில் பெர்லினுக்கு நடுவே சுவர் எழும்பிவிட்டது. அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அப்பாவை விசாரித்து அதில் ஒரு வார்த்தை இருக்காது.

ஆல்வின் கெட்டவன் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவனைக் கரித்துக்கொட்டத்தான் போகிறேன்.

நானும் அவனும் ட்ரெஸ்டன் ஓவியப் பள்ளியில் ஒரே வகுப்பு. மலைப்பக்கத்திலிருந்து வந்த கூரை வேய்கிறவர் மகன். கை அப்படிப் பேசும், வாய் பேசாது. பேசினாலோ வம்புதான். நாங்கள் சேர்ந்த அடுத்த வருஷமே நாஜிப் பழுப்புச் சட்டைக்காரர்கள் ஆட்சிக்கு வந்து எங்கள் பேராசிரியரைத் துரத்தினார்கள். ஆல்வின் படங்களை 'அழுகல்' என்று ஒதுக்கினார்கள். நாடகக் கொட்டகையில் திரைச்சீலைக்கு மரமும் மாளிகையும் வரைந்து வயிற்றைக் கழுவினோம். பிறகு போர். விடுப்பில் வந்தபோது கல்யாணம், இன்னொரு விடுப்பில் யோஸ்ட். அப்புறம் ரஷ்யாவில் கைதி முகாம். காவல்காரர்கள் முகத்தை சிமெண்ட் பைக் காகிதத்தில் வரைந்து கொடுத்து, அதற்குக் கிடைத்த ரொட்டியைத் தின்று உயிர் பிழைத்து வந்தான்.

வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது யோஸ்டுக்கு அஞ்சு வயசு. யாரோ தாடிக்காரன் என்று என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "அப்பாடா இது, கிட்டப் போ" என்று நான் தள்ளுகிறேன், பிள்ளை நகரவில்லை. ஆல்வினுக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பையிலிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்துப் பையனை வரைய ஆரம்பித்தான். என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று யோஸ்ட் மெதுவாகக் கிட்ட வந்தான். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அழுதேன்.

எங்கள் வீட்டில் அப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்ட முறை அதுதான். மற்ற அப்பன்கள் மீன் பிடிக்கக் கூட்டிப் போவார்கள், அடிப்பார்கள், சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆல்வின் வரைந்தான். ஞாயிற்றுக்கிழமை பூரா வரைந்தான். காய்ச்சலில் கிடந்த பையனை வரைந்தான். "ஆடாம உக்காருடா. இன்னும் கொஞ்ச நேரம். காது மட்டுந்தான் பாக்கி" என்பான். அந்தக் காது சாயங்காலம் வரைக்கும் முடியாது. சும்மா உட்காரத் தெரியாத மனுஷன், வீட்டில் இருக்கிற மற்ற எல்லாரையும் சும்மா உட்காரச் சொல்வான்.

புது அரசாங்கத்துக்கும் ஆல்வின் படம் பிடிக்கவில்லை. முந்தினவர்கள் 'அழுகல்' என்றார்கள், இவர்கள் 'இருட்டு' என்றார்கள். "தொழிலாளி ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறான், தோழர் கெர்ஸ்டன்?" என்று ஓவியர் சங்கச் செயலாளர் ப்ரெட்ஷ்னைடர் கேட்டார்.

"நாள்பூரா உலைக்கு முன்னால நின்னுட்டு வர்றவன் சிரிச்சான்னா, அவனை டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்றான் ஆல்வின்.

அந்த வாய்க்கொழுப்புக்கு வெகுநாள் வேலையே வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினேன். பிறகு ஓவியர்கள் எல்லாரும் ஆலைகளுக்குப் போங்கள் என்று மேலிடத்து உத்தரவு. ஆல்வினுக்கு ரயில் பட்டறை விழுந்தது. நல்லவேளை, பட்டறை ஆட்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவர்களும் அதிகம் பேசாதவர்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். படம் முடிகிற தறுவாயில் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். தட்டும் கையுமாக ஆட்கள் சுற்றி நின்று அபிப்பிராயம் சொல்வார்கள். "என் காது இவ்வளவு பெரிசா?" என்று ஒருத்தர். "உண்மையில இதவிடப் பெரிசுதான், உம்பாட்டுக்குச் சாப்பிடு" என்று இன்னொருத்தர். கடைசியில் வெல்டிங் செய்கிற ஒரு பெரியவர் முள்கரண்டியை நீட்டி, "எல்லாஞ் சரி, இந்த மூலை மட்டும் செத்துக் கிடக்கே" என்றார்.

எனக்கும் கண் இருக்கிறது. அந்த மூலை செத்துத்தான் கிடந்தது. வீட்டில் உட்காரவைத்து வரைந்த யோஸ்டை அங்கேதான் சாம்பல் ஸ்வெட்டரில் நிறுத்தியிருந்தான். ஆல்வினுக்கு அந்த வாரம் தூக்கம் போயிற்று. மூலையில் மஞ்சள் வைத்தான், சுரண்டினான். சிவப்பு வைத்தான், சுரண்டினான். வீட்டுத் திரைச்சீலை, என் தலைத்துண்டு, கெட்டில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்ப் படத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். கடைசியில் நீலம் வைத்தான். படம் எழுந்து உட்கார்ந்தது.

மனசாட்சியோடு சொல்கிறேன், அந்த மனுஷனுக்கு அது சீருடை என்கிற நினைப்பே இல்லை. நாடு முழுக்க அந்த நீலம் நடமாடுகிறது, இவனுக்கு அது மூலைக்கு வேண்டிய வண்ணம்! ஆனால் பார்த்தவர்கள் எல்லாம் சட்டையைத்தான் பார்த்தார்கள். ப்ரெட்ஷ்னைடர் வந்து ஆல்வினைக் கட்டிப்பிடித்தார். படம் தபால் அட்டையாக வந்தது. பள்ளிப் பாடப் புத்தகத்தின் அட்டையில் வந்தது. ஆல்வின் கெர்ஸ்டன் பெரிய ஓவியர் ஆகிவிட்டான்.

யோஸ்ட் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் எறிந்தான். "நான் எப்ப இந்தச் சட்டையைப் போட்டேன்?"

"மூலைக்கு நீலம் தேவைப்பட்டுச்சுடா."

"கிளாஸ்ல என்னைப் பாத்து எல்லாரும் சல்யூட் அடிக்கிறான். பாதிரியார் வீட்டுல நான் உள்ள போனா பேச்சை நிறுத்துறாங்க. வேற கலரே இல்லையா உங்ககிட்ட?"

"சிவப்பு வச்சா முன்னால வந்து நிக்கும். நீலந்தான் பின்னால தள்ளும். நீ கொஞ்சம்... தலையை ஜன்னல் பக்கம் திருப்பு. அந்த வெளிச்சம் நல்லா விழுது." கை அதற்குள் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது.

யோஸ்ட் திருப்பவில்லை. வெளியே போய்விட்டான்.

அவன் ஓடின நாளிலிருந்து ஆல்வினுக்கு அந்த நீலம் நெஞ்சில் குத்திய முள்ளாகிவிட்டது. தூசி தட்டுகிறேன், வார்னிஷ் பூசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போவான். நீலத்தை ஒரு தடவை கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு வருவான், மூலை செத்துவிட்டதே என்று மறுபடி ஏற்றிவிட்டு வருவான். வீட்டில் நாற்காலியை இங்கே போடுவான், அங்கே போடுவான். ராத்திரிக்கும் பகலுக்கும் வித்தியாசமில்லாமல் நடப்பான். கீழ் வீட்டுக்காரி கரண்டியால் கூரையைத் தட்டுவாள். சுவர் எழும்பிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அதே நடை.

போன வருஷம் எனக்கு அறுபது முடிந்தது. எங்கள் நாட்டில் பெண்பிள்ளைகள் அறுபது ஆகி ஓய்வு பெற்றால் மேற்கே போய் உறவைப் பார்த்து வரலாம். திரும்பி வராவிட்டாலும் அரசாங்கத்துக்கு ஓய்வூதியம் மிச்சம். ஆண்களுக்கு அறுபத்தைந்து. ஆல்வினுக்கு இன்னும் காலம் கிடந்தது. இந்த வருஷம் அவனுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு, அவன் வரைந்த எல்லாவற்றையும் சேர்த்து மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. மே மாசத்தில் திறப்பு. நான் ஹாம்பர்க் கிளம்பும்போது மனுஷன் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே ஓடி வந்தான்.

"திறப்புக்கு வருவானான்னு கேளு ஹெடி. அந்தப் பக்கத்து ஆளுங்க இப்பெல்லாம் விசா வாங்கிட்டு வர்றாங்கதானே. சட்டை மூலைக்காகத்தான் வச்சேன்னு சொல்லு. அரசியல் இல்லைன்னு சொல்லு."

"நான் போய்ச் சொன்னாத்தான் அவனுக்குத் தெரியுமாக்கும்!"

"நீ சொன்னா கேப்பான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டி. அவன் ஒரு தடவை வந்துட்டாப் போதும்."

ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கார்டு விசில் ஊதி விரட்ட வேண்டியிருந்தது.

யோஸ்ட் ஹாம்பர்க் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறான். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வருகிற வேலை. தோள் அகன்று, முன்மண்டையில் முடி கொட்டி, சிரித்தால் என் அப்பா மாதிரி இருந்தான். அவன் பெண்டாட்டி பிர்ட்டே மீனை வறுத்துப் போட்டாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் நடப்பதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. யோஸ்ட் சாப்பிடும்போதுகூட ஒரு இடத்தில் உட்காரவில்லை. உப்பு எடுக்க எழுந்தான், ஜன்னலைத் திறக்க எழுந்தான். அப்பனை உரித்து வைத்திருக்கிறது, வாயைத் திறந்து சொல்லவா முடியும்?

ஆனாலும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கண்காட்சி, திறப்பு, எல்லாவற்றையும். "சட்டையை அப்பா வேணும்னு வைக்கலைடா. மூலைக்கு..."

"நீலம் தேவைப்பட்டுச்சு. தெரியும்மா."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் ஒரு வார்த்தை எழுதல?"

யோஸ்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "சட்டைக்காக யாராவது வீட்டை விட்டுப் போவாங்களாம்மா? ஒரு மாசம் கிண்டல் பண்ணாங்க, அப்புறம் மறந்துட்டாங்க. நான் அன்னிக்கு அவர்கிட்ட கத்திக்கிட்டு இருக்கேன். என் உசுரே போற மாதிரி கத்துறேன். அவர் 'தலையைத் திருப்பு, வெளிச்சம் நல்லா விழுது'ங்கிறார். நீயும் அங்கதான் நின்ன. நான் சொன்ன ஒரு வார்த்தையாவது அவர் காதுல ஏறுச்சா? பொறந்ததுலேர்ந்து எனக்கு அவர் பாடம் நடத்தலை, கதை சொல்லலை, அடிக்கக்கூட இல்லை. பாத்துக்கிட்டே இருந்தார். மேசைமேல இருக்கிற ஆப்பிளைப் பாக்குற மாதிரி."

மீன் ஆறிப்போயிற்று. பிர்ட்டே அவன் கைமேல் கை வைத்தாள்.

"வர்றேம்மா" என்றான். "கண்காட்சிக்கு இல்லை, வீட்டுக்கு வர்றேன். ஆனா அவர் என்னை வரையக்கூடாது. காகிதத்துல இல்லை, எதுலயும் இல்லை. பென்சிலைப் பாத்தேன்னா அந்த நிமிஷமே வண்டியை எடுத்துடுவேன். அப்புறம் சாவுக்குக்கூட வரமாட்டேன். சொல்லிடு."

திரும்பி வந்தபோது ஆல்வின் பிளாட்பாரத்தில் நின்றான். கட்டைவிரலில் பெரிய கட்டு. முகத்திலோ ஒரு பூரிப்பு, வகுப்பில் பரிசு வாங்கின பையன் மாதிரி.

"எடுத்துட்டேன் ஹெடி! நீலத்தை எடுத்துட்டேன்."

"எதை எடுத்த?"

"சட்டையை. ஞாயித்துக்கிழமை கூடம் பூட்டியிருந்துச்சு, ஜன்னல் வழியா ஏறிட்டேன். கத்தியால அடிவரைக்கும் சுரண்டிட்டேன். பழைய சாம்பல் ஸ்வெட்டரையே போட்டு விட்டுட்டேன். சமையல்காரி வந்து கத்தி ஊரைக் கூட்டிட்டா." மூச்சு வாங்கினான். "ப்ரெட்ஷ்னைடர் கண்காட்சியை ரத்து பண்ணிட்டார். நாட்டுச் சொத்தை நாசம் பண்ணிட்டேனாம். சங்கத்துலேர்ந்தும் நீக்கிட்டாங்க. போகட்டும் விடு. நீ அவன்கிட்ட சொன்னியா? வருவானா?"

சங்கத்தில் பெயர் இல்லாவிட்டால் வேலை கிடையாது, நல்ல வண்ணம் கிடையாது, படத்தை மாட்டச் சுவர் கிடையாது. நாற்பது வருஷப் பிழைப்பைக் கத்தியால் சுரண்டிவிட்டு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பெட்டியைத் தொப்பென்று போட்டேன்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்காடா மனுஷா? சட்டையாம் சட்டை! அவன் சட்டைக்காகப் போகலை!"

ஒன்று விடாமல் அங்கேயே சொல்லிவிட்டேன். போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆல்வின் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அவன் அன்னிக்கு என்ன சொல்லிக் கத்தினான் ஹெடி?" என்று கேட்டான். "வெளிச்சம் எனக்கு ஞாபகம் இருக்கு. இடது பக்கத்துலேர்ந்து வந்துச்சு. அவன் சொன்னது ஞாபகம் இல்லை."

"வர்றேன்னான். ஆனா நீ வரையக்கூடாது."

"வரையாம நான் அவன்கிட்ட என்ன பண்றது?"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மே மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோஸ்ட் வந்தான். காலையிலேயே ஆல்வின் வீட்டிலிருந்த பென்சில், கரி, சாக்பீஸ், என் பள்ளிக்கூடப் பேனா வரைக்கும் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, நிலவறையில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தான். "நான் கேட்டாலும் குடுக்காதே" என்றான். அப்புறம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விட்டான், எடுத்தான், முதுகுக்குப் பின்னால் கட்டினான்.

முயல் வறுவலும் மாவுருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் செய்திருந்தேன். ரெண்டு பேரும் கை குலுக்கினார்கள், ஏதோ வீட்டு வரி வசூலிக்க வந்தவரிடம் குலுக்குவதைப் போல. "ரோடு எப்படி?" "பரவாயில்லை." "எல்லையில சோதனை?" "பண்ணாங்க." தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நான்தான் நடுவில் தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்தேன்.

காபிக்குச் சர்க்கரை போடும்போது கொஞ்சம் மேசைத்துணிமேல் சிந்திவிட்டது. யோஸ்ட் அப்போதுதான் வாய் திறந்து படகைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தான், மூடுபனி இறங்கினால் ஆற்றில் எப்படி ஓட்டுவது என்று. எனக்கு ஏன் கண் கீழே போயிற்றோ. ஆல்வினுடைய ஆள்காட்டி விரல் சர்க்கரையில் நகர்ந்துகொண்டிருந்தது. நெற்றி, மூக்கு, தாடை.

யோஸ்டும் பார்த்துவிட்டான். பேச்சு நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆல்வின் தன் விரலை அப்போதுதான் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அது நகர்ந்தது அவனுக்கே தெரியாது. உள்ளங்கையால் சர்க்கரையை அப்படியே வழித்துத் தரையில் தள்ளினான். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"சொல்லுடா" என்றான். "மூடுபனி இறங்குது. எதுத்தாப்ல கப்பல் வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

யோஸ்ட் நின்றுகொண்டே இருந்தான். பிறகு உட்கார்ந்தான்.

"சங்கு ஊதுவாங்கப்பா" என்றான்.

"எத்தனை கப்பல் ஊதும்?"

"சில நாள் நாலஞ்சு. எது எந்தப் பக்கம்னு காதாலதான் பிடிக்கணும்."

"ரெண்டு சத்தம் ஒண்ணாக் கலந்துட்டா?"

யோஸ்ட் சொல்ல ஆரம்பித்தான். கேள்வி மேல் கேள்வி. கயிறு அறுந்து ஒருத்தன் கால் போனது, இவன் முதுகு பிடித்துக்கொண்டு படுத்தது, பிர்ட்டேவை மீன் சந்தையில் சண்டை போட்டுச் சந்தித்தது, எல்லாம் வந்தது. நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே நின்று கேட்டால் அப்பனும் பிள்ளையும் சிரிக்கிற சத்தம். இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

விசாப்படி அன்றைக்கே எல்லை தாண்டவேண்டும். சாயங்காலம் கிளம்பினான். ஆல்வின் வாசல் வரை வந்தான், கை மரத்துப்போய் உதறிக்கொண்டே. யோஸ்ட் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை, தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "குழந்தை பிறந்ததும் கூட்டிட்டு வர்றோம்" என்றான்.

வண்டி தெருமுனை திரும்பியதும் நான் நிலவறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தேன். காகிதத்தை மேசைமேல் விரித்தேன். "இந்தா. நாள்பூரா கையைக் கட்டிப் போட்டாச்சு. அவன் இல்லாதப்ப வரைஞ்சா அவனுக்கென்ன தெரியப் போகுது? முகம் மறக்கிறதுக்குள்ள வரைஞ்சு வச்சுக்கோ, பாவம்."

ஆல்வின் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். காகிதத்தைப் பார்த்தான். ஒரு கோடு போடுவதற்குக் கையைக் கொண்டுபோனான், நிறுத்தினான். மறுபடி கொண்டுபோனான்.

"என்ன?" என்றேன்.

"மூணாவது சங்கு எப்பவுமே பொய் சொல்லும்னு சொன்னான் ஹெடி. தண்ணியில பட்டுத் திரும்பி வருமாம். அவனுக்கு இடுப்புக்கு மேல அஞ்சாவது எலும்புலதான் வலி. ஆண் குழந்தைன்னா உங்க அப்பா பேரை வைக்கப் போறாங்களாம்." பென்சிலைக் கீழே வைத்தான். "ஆனா முகம் வரலைடி. மூக்கு எப்படி இருந்துச்சுன்னுகூடத் தெரியலை. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். பாக்கவே இல்லை."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு நான் அழ ஆரம்பித்தேன்.